பெட்டிக்குள் இலவம்பஞ்சு

கச்சான் காற்று கிளம்பிவிட்டால் ஜெமீலா பஞ்சைக் கூரையில்லாத வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவாள்.

அது மகளுக்கென்று கட்டத் தொடங்கிய வீடு. வளவின் பின்பக்கம், தென்னைகளுக்கு நடுவே, சுவர்கள் யன்னல் உயரத்தைத் தாண்டி எழும்பி அந்த மட்டத்தோடு நின்றுவிட்டன. மேற்கே வயல்களைத் தாண்டி வரும் அனல் காற்றைச் சுவர் மறிக்கும், வெயிலை மறிக்காது. இலவம்பஞ்சு காயப்போட அதைவிட வாய்ப்பான இடம் கல்முனை முழுக்கத் தேடினாலும் இல்லை என்பாள் ஜெமீலா. கூரை போட்டுவிட்டால் பஞ்சுக்கு எங்கே போவேன் என்று சிரிப்பாள். சிரித்த பிறகு அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்காது. மகள் குமராகிவிட்டாள். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடில்லாத பெண்ணைப் பற்றிய பேச்சு நல்லபடி தொடங்கி, மெதுவாக வேறு பக்கம் திரும்பிவிடும்.

றிஷாட்டும் அப்படித்தான் ஜெமீலாவின் வீட்டுக்கு வந்தவன். வளவின் முன்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்கும் வான்களுக்கும் பாட்டுச் செட் பூட்டுவது அவன் வேலை. பலகை அறுத்துப் பெட்டி அடித்து, அதற்குள் சப் ஸ்பீக்கரை இறக்கி, காற்றுப் போகாமல் பசை வைத்து மூடுவான். றிஷாட் அடித்த பெட்டி என்றால் அக்கரைப்பற்று வரைக்கும் பெயர் இருந்தது. அவன் முன்னால் சத்தத்தில் உழைத்தான். அவள் பின்னால் சத்தமே இல்லாத ஒன்றில் உழைத்தாள்: கல்யாண வீட்டு மெத்தை, தலையணை, தொட்டில் பிள்ளைக்குச் சின்ன மெத்தை.

அன்றைக்கு அவள் மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு, பீப்பாய்க்குள் பஞ்சைப் போட்டுக் கடைந்துகொண்டிருந்தாள். நுனியில் குறுக்குச் சட்டம் வைத்த தடி. இரண்டு கைகளுக்கும் நடுவே தடியை உருட்ட உருட்ட, கறுத்தக் கொட்டைகள் கழன்று அடியில் தங்கும். பஞ்சு பொங்கி மேலே வரும். முன்வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

"மச்சான் இரிக்காரா?"

பெண் குரல். தடி நின்றது. றிஷாட்டை மச்சான் என்று கூப்பிடுவது ஜெமீலாதான். அந்தச் சொல் இன்னொரு வாயிலிருந்து தன் வளவுக்குள் வந்து விழுந்ததும், தன் உடுப்பை வேறு யாரோ உடுத்திக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது.

சுவரில் யன்னலுக்கு விட்டிருந்த ஓட்டையால் பார்த்தாள். நுஸ்ஹா. றிஷாட்டின் தாய்மாமன் மகள். நாவிதன்வெளியில் நீர்ப்பாசனக் காரியாலயத்தில் வேலை. வாய்க்கால் கரைகளில் நடந்து கறுத்த முகம், சாம்பல் நிற ஹபாயா, கையில் கார்ச் சாவி. இன்னும் கலியாணம் முடிக்கவில்லை.

அவளுக்கும் ஒரு காலத்தில் வீடு எழும்பியது, கடற்கரைப் பக்கமாக. அந்த வீட்டுக்கு வரப்போகிறவன் றிஷாட்தான் என்று பேச்சும் இருந்தது. கூரை போடுமுன்னே கடல் வந்தது. வீடும் போனது, கட்டிக்கொண்டிருந்த வாப்பாவும் போனார். இரண்டு வருசம் கழித்து றிஷாட்டை ஜெமீலாவுக்குக் கேட்டு வந்தார்கள். கல்யாணச் சோறு தின்ற வாயால் ஒருத்தி சொன்னது மணப்பெண்ணின் காதிலேயே விழுந்தது: "ஜெமீலாட ஊட்டுக்குக் கூரை இரிந்திச்சி. அவள்ற ஊட்டுக்கு இல்ல. அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானை ஜெமீலா இத்தனை வருசமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

பிளேன்டீ ஊற்றிக்கொண்டு முன்னால் போனாள். நுஸ்ஹா எழும்பி, "ராத்தா, சொகமா இரிக்கீங்களா?" என்று கையைப் பிடித்தாள். மச்சானின் பெண்சாதி முறைக்கு அக்காதான். அந்த முறையும் ஜெமீலாவுக்கு இனிக்கவில்லை.

"ஓம், அல்லாஹ்ட உதவியால."

நுஸ்ஹா போன பிறகு றிஷாட் பின்பக்கம் வந்தான். பஞ்சு மூட்டைகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தான்.

"நல்ல பஞ்சு ஒரு மூட்டை தா ஜெமீலா."

"ஆருக்குத் தலகாணி?"

"நுஸ்ஹாட காருக்கு."

"காருக்குத் தலகாணியா?"

அவன் சிரித்தான். "சப் பெட்டிக்கு. அவட டிக்கி முழுக்க வாய்க்கால் அளக்கிற சாமான். பெரிய பெட்டி வெக்க ஏலா. சின்னப் பெட்டிக்குள்ள சத்தம் மூச்சு முட்டும், டொம்டொம் எண்டு தகரம் மாதிரிக் கிடக்கும். உள்ளுக்குப் பஞ்சு வெச்சா காத்து மெதுவாப் போய் மெதுவா வரும். பெட்டி தன்னப் பெரிசு எண்டு நெனச்சிக்கிடும்."

"பெட்டி நெனைக்குமா?"

"ஸ்பீக்கர் நெனைக்கும். அத ஏமாத்தலாம்."

"இத்தின பேருக்குச் செஞ்சீங்க. என்னட்டப் பஞ்சு கேட்டதில்லயே."

"அவங்க பெரிய பெட்டி கேட்டாங்க. இவ சின்னது கேக்கிறா."

ஜெமீலா பீப்பாய்க்குள் குனிந்துகொண்டாள். இவ. பெயர் சொல்லாமல் சொன்ன அந்த இவ, அவள் காதுக்குள் போய் இருந்துகொண்டது.

மாலையில் மூட்டை கட்டினாள். அடியில் கடையாத பஞ்சு, கொட்டையோடு அப்படியே. மேலே கடைந்த பஞ்சு, பால் நுரைபோல. அவள் கை தைத்த தலையணையில் இதுவரை ஒரு கொட்டையைக்கூட யாரும் கண்டதில்லை; அந்தக் கைதான் முடிச்சையும் இறுக்கியது.

றிஷாட் அவளை நம்பி, மூட்டையைப் பிரித்து, கிளறிப் பாராமலே பெட்டிக்குள் கொட்டி, மூடி, முறுக்காணி இறுக்கினான். மெல்லிய சத்தத்தில் வைத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

வாரம் முடியுமுன் கார் திரும்பி வந்தது.

"மச்சான், கோவிக்காதீங்க. சத்தத்தக் கூட்டினா உள்ளுக்கு மழ பெய்யிற மாதிரி ஒரு இரைச்சல்."

றிஷாட் பெட்டியைத் திறந்தான். ஸ்பீக்கர் அடித்த அடியில் கொட்டைகள் பஞ்சை விட்டுக் கழன்று, பலகையில் குவிந்து கிடந்தன. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு ஜெமீலாவைக் கூப்பிடாமல், கொட்டைகளைக் கொட்டகையின் சுவர்க்கட்டில் வரிசையாக வைத்தான்.

ஜெமீலா தானாகப் போய் நின்றாள். "கண் மங்கிப் போச்சி போல. கவனிக்கல்ல."

"ம்."

"நானே பஞ்சு வெச்சித் தாறன். என்ட பெழதானே."

அவன் அவளைப் பார்த்தான். "சரி" என்றான்.

நுஸ்ஹா மாமர நிழலில் கதிரை போட்டு இருந்தாள். றிஷாட் அவளுக்கு அருகே நின்று, கிட்டங்கிப் பக்கம் தண்ணி எப்படி, சின்னப்போக நெல்லு எப்படி என்று கேட்டான். அவள் ஒரு வயற்காரர் தன்னோடு சண்டை பிடித்த கதையைச் சொன்னாள். றிஷாட் சிரித்தான். வாய் திறந்த சிரிப்பு. வீட்டுக்குள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று ஜெமீலா யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கை பஞ்சைத் திணித்தது. இன்னும் ஒரு பிடி. அவன் இன்னும் சிரித்தான். இன்னும் ஒரு பிடி. முழங்கையால் அமத்தினாள். கல்லுத் தலையணை அடைப்பதுபோல் பெட்டியின் மூலை மூலையாக அடைத்தாள்.

கார் போனதும் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு றினோஸாவின் தலை வந்தது.

"என்னகா ஜெமீலா, அந்தக் கார் ரெண்டாந் தரமும் வந்திட்டுப் போகுது?"

"செட்டுல ஒரு பெழ."

"செட்டுல மட்டும்தானா பெழ?" றினோஸா குரலைத் தாழ்த்தினாள். "நான் நல்லதுக்குத்தான் செல்றன். மொற மச்சி. கவுண்மேந்து உத்தியோகம். கையில கார். ஆம்பிளைக்கு ரெண்டாவது முடிக்க வழி அடைச்சா கிடக்கு?"

"ஒன்ட ஊட்டுக் கீரிமீன் ஆணம் தீயுற மணம் வருது. போய்ப் பாரு."

"அது ஒன்ட வயிறு எரியிற மணம் கா" என்றாள் றினோஸா. தலை மதிலுக்குக் கீழே போனது.

மூன்றாவது தரம் வந்தபோது நுஸ்ஹா ஒரு முட்டி எருமைத் தயிரும் கொண்டுவந்தாள். "ராத்தாக்கு. நாவிதன்வெளித் தயிர். உங்களுக்கும் கரைச்சல் குடுத்திட்டன்."

அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் குணம் என்பவரும் இருந்தார். வினாயகபுரத்துக்காரர். புதிதாக எடுத்த வானுக்குச் செட் பூட்ட விலை பேச வந்திருந்தார். பெரிய வேலை. மகள் வீட்டுக்குக் கூரை மரம் எடுக்க அந்த வேலை போதும் என்று றிஷாட் காலையில்தான் சொல்லியிருந்தான்.

நுஸ்ஹா பாட்டைப் போட்டாள். பாடுகிறவரின் குரல் வந்தது. அடியில் ஒன்றுமில்லை. மேளம் எங்கேயோ அடுத்த ஊரில் அடிக்கிற மாதிரி.

குணம் டிக்கிக்குள் தலையை விட்டுக் கேட்டார். "என்ன றிஷாட் தம்பி, ஆரோ தலகாணிய வெச்சு அமத்திப் பிடிச்சிருக்காங்க போல?"

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். தயிர் முட்டியோடு வாசலில் நின்ற ஜெமீலா ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"ஒரு சின்னப் பெழ அண்ணன். இப்ப சரி பண்ணிடுவன்."

"அவசரமில்ல, அவசரமில்ல. நான் பிறகு ஒரு நாளைக்கு வாறன்." குணம் செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகு வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பது அந்தக் கொட்டகைக்குத் தெரியும்.

நுஸ்ஹாவும் நிலைமையைப் புரிந்துகொண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிக் காரை விட்டுவிட்டு ஓட்டோவில் போனாள்.

பகல் சோறு. றிஷாட் தயிரைத் தொடவில்லை. ஜெமீலாவும் தொடவில்லை. வெளியே கச்சான் தென்னோலைகளைப் பிடித்து உலுக்கியது. சுவர்க்கட்டில் அவன் வைத்த கொட்டைகள் உள்ளே இருந்து பார்க்கவே தெரிந்தன.

அவன் சொன்னான். "ஒரு தலகாணியில எத்தின பிடி பஞ்சு எண்டு ஒன்ட கைக்குத் தெரியும். கண்ணக் கட்டிட்டாலும் தெரியும்."

அவள் தண்ணீர்க் கோப்பையை அவன் பக்கம் தள்ளினாள்.

"கொட்டையும் தெரியும்."

அவள் சோற்றைக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கமாக வைத்தாள்.

"குணமண்ணன் போனது எனக்கு நட்டமில்ல ஜெமீலா. பின்னால நிக்கிற செவருக்கு."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிமா?"

"ஓம். தெரிஞ்சிதான்." அவள் சோற்றை விட்டுக் கையை எடுத்தாள். "அவ மச்சான் எண்டா நீங்க சிரிக்கிறீங்க. நான் மச்சான் எண்டா என்ன வேணும் எண்டு கேக்கிறீங்க."

அவன் கைகழுவப் போனான். திரும்பி வந்து நிலையில் சாய்ந்து நின்றான்.

"நீ அவட ஊட்டுக் கதய மனசுல வெச்சிருக்காய்."

"என்ட ஊட்டுக்குக் கூரை இரிந்திச்சி. அதாலதானே நீங்க வந்த?"

இத்தனை வருசமாகக் கேட்காத கேள்வி. கேட்டதும் வாயைப் பொத்திக்கொள்ளலாம் போல் இருந்தது. அவன் இல்லை என்று சொல்வான், சொல்லட்டும், பொய்யென்றாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். காற்று ஒருமுறை விழுந்து, மறுபடி எழும்பியது.

"ஓம்" என்றான். "மொதல் அதாலதான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு கொட்டை கழன்று அடியில் போய்த் தங்கினதுபோல் இருந்தது.

"மறுகா? அதுக்குப் பொறகு?"

"மறுகா என்ன? ஒவ்வொரு மாரிக்கும் அந்தக் கூரை ஒழுகுது. ஆர் ஏறி ஓடு மாத்துற? அவட வாப்பாவா?"

சொன்ன பிறகு, கடலோடு மௌத்தானவரை இழுத்துவிட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டான். கொட்டகைக்குப் போய்விட்டான். அவள் தயிர் முட்டியை எடுத்து மூடி, நிழலில் வைத்தாள்.

மறுநாள் நுஸ்ஹா வந்தபோது றிஷாட் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தான். ஜெமீலா பின்னால் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்தாள். நுஸ்ஹா தானாகவே சுவர்களுக்குள் வந்து, யன்னல் ஓட்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மகள்ற ஊடா ராத்தா?"

"ஓம்."

"என்ட ஊடும் இந்த மட்டத்துலதான் நிண்ட" என்றாள். சுவரின் மேல் விளிம்பைக் கையால் தடவினாள். இரண்டு பேர் தலையிலும் பஞ்சு வந்து வந்து ஒட்டியது.

"ஒனக்கு ஏன் புள்ள இந்த அடிக்கிற சத்தம்?" ஜெமீலா கடைசியில் கேட்டாள்.

"கிட்டங்கி தாண்டினா ரெண்டு பக்கமும் வயல்தான் ராத்தா. தனியப் போறன், தனிய வாறன். பாட்டு மட்டும் எண்டா அது வேற எங்கயோ நடக்கிற மாதிரி. அடிச் சத்தம் இரிந்தா முதுகுக்குப் பின்னால ஆரோ இரிக்கிற மாதிரி." சிரித்தாள். "மச்சானுக்குத் தெரியும். அவருக்குச் சின்ன வயசுலயே காது நல்லம். எங்கட ஊட்டு ரேடியோவயும் அவர்தான் பழுது பாப்பார்."

முதல் பாதியைக் கேட்டு இளகிய மனசு, இரண்டாவது பாதியில் மறுபடி இறுகியது. அந்த ரேடியோவை ஜெமீலா கண்டதில்லை. அந்த வீட்டையும் கண்டதில்லை. கடல் கொண்டுபோன ஒன்றோடு யார் சண்டை பிடிப்பது?

"நீ ஏன் கலியாணம் முடிக்கல்ல?"

நுஸ்ஹா அவளை நேராகப் பார்த்தாள். "கூரை போட ஆரும் வரல்ல ராத்தா."

அது பகிடியா, கோபமா, அதற்குள் றிஷாட் இருந்தானா இல்லையா என்று ஜெமீலாவால் பிரித்தெடுக்க முடியவில்லை. பஞ்சு மூட்டையைத் தூக்கினாள்.

"வா. காருக்குள்ள போய் இரி."

றிஷாட் பள்ளியால் வந்தபோது ஜெமீலா காரின் பின் ஆசனத்தில் இருந்தாள். நுஸ்ஹா முன்னால். அவன் தொப்பியைக் கழற்றாமலே நின்றான்.

"பெட்டியத் தொறங்க. எல்லாத்தையும் வெளிய எடுங்க. நான் செல்ற மாதிரி வைங்க."

அவன் எடுத்தான். முதலில் பஞ்சில்லாமல் பாட்டு. டொம்டொம் என்று ஒரே இடத்தில் குத்தியது. ஜெமீலா ஒரு பிடி பஞ்சை எடுத்து, இரண்டு கையாலும் பிய்த்து உதறி, ஒரு தலையளவுக்குப் பொங்கவைத்துக் கொடுத்தாள். "அமத்தாம வைங்க. தொட்டில் மெத்தைக்கு வெக்கிற மாதிரி. கை வெச்சா எழும்பி வரணும்."

"ஸ்பீக்கர்ல முட்டாம ஒரு வலையும் வைக்கணும்" என்றான்.

"அத நீங்க பாருங்க. பஞ்ச நான் பாக்கிறன்."

ஒவ்வொரு தரமும் அவன் மூடினான், பாட்டுப் போட்டார்கள், திறந்தான். ஜெமீலா கண்ணை மூடி முதுகால் கேட்டாள். குத்தல் மெல்ல மெல்ல உருண்டது. கீழே இறங்கியது. ஒரு நேரம், அழுத பிள்ளையைத் தோளில் போட்டு யாரோ தட்டுகிறதுபோல் வந்தது.

"இன்னும் ஒண்டு வைப்பமா?" என்றான்.

வைத்தார்கள். தட்டின கை தூரமாய்ப் போனது.

"கூடிப் போச்சி. அத எடுங்க. அதுல பாதிய வைங்க."

மறுபடி பாட்டு. ஆசனமும், கதவும், அவள் மடியில் கிடந்த கையும் ஒரே மூச்சாக எழும்பி இறங்கின. நுஸ்ஹா முன்னால் தலையைச் சாய்த்துவிட்டாள். ஜெமீலா கண்ணைத் திறந்து, முதலில் முன் கண்ணாடியில் நுஸ்ஹாவின் கண்ணைப் பார்த்தாள், மூடியிருந்தது. பிறகு றிஷாட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டிக்கியில் கையூன்றிக் குனிந்து, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. யாருக்கு என்று எழுதாத சிரிப்பு.

"இதுதான்" என்றாள் ஜெமீலா.

கார் போனது. பிறகு வரவில்லை. வர வேண்டிய தேவை இருக்கவில்லை. றினோஸா இரண்டு முறை மதிலால் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு கதைக்குப் போனாள். வினாயகபுரம் குணம் வந்தார். ரோட்டில் அந்தக் காரைக் கேட்டாராம். "தம்பி, எனக்கும் அந்தப் பஞ்சுதான் வேணும்" என்றார். ஜெமீலா கடைந்து, உதறிக் கொடுத்தாள். சுவர்க்கட்டில் இருந்த கொட்டைகளை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு காலையில் இல்லை. பின் வளவில் மரம் வந்து இறங்கியது. பஞ்சுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு பிட்டும் மீன் ஆணமும் வைத்துக்கொண்டு இருவரும் இருந்தார்கள். கச்சான் ஓய்ந்திருந்தது. கிட்டங்கி ரோட்டால் ஒரு கார் வந்தது. பாட்டு வரவில்லை, சொல் வரவில்லை, குரல் வரவில்லை. வளவையும் மதிலையும் மூடின யன்னலையும் தாண்டி அடிச் சத்தம் மட்டும் வந்து, நிலத்தால் ஏறி, கோப்பைத் தண்ணீரில் ஒரு வட்டம் போட்டது.

பிட்டைப் பிசைந்த றிஷாட்டின் கை நின்றது.

ஒவ்வொரு நாளும் அது இப்படித்தான் காலையில் போகும், மாலையில் வரும் என்று ஜெமீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியில் பிழை இருந்த வரைக்கும் வாசலுக்கு வந்து நின்றது. பிழையைத் தீர்த்துவிட்டாள், இப்போது வீட்டுக்குள்ளேயே வருகிறது.

"கேட்டியா?" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "ஒன்ட கை."

அவன் கேட்டது அவள் கையைத்தானா? அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் காதைக் கொடுத்தாள். சத்தம் தூரமாய்ப் போய், வயல்பக்கத்து இருட்டில் கரையும் மட்டும், அதற்குள் ஒரே ஒரு கொட்டை உருளுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். உருளவில்லை.